பட்டம் தவறினால் என்ன செய்வது?

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



காவிரிக் கடைமடையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ரேடியோவிலே பேசுறவங்கதானே நீங்க? ஒண்ணு கேக்கணும். எங்க அப்பா காலத்துல ஆடியிலே விதைச்சா தையிலே அறுத்துடுவோம். இப்ப ஆடியிலே ஆத்துல தண்ணி இல்லே. ஐப்பசியிலே ஒரே நாள்ல ஊரே முழுகுது. தையிலே அறுக்கப் போனா மறுபடியும் மழை. பட்டமே தப்பிப் போச்சா, இல்லே நாங்கதான் விவசாயத்தை மறந்துட்டோமா?" என்று கேட்டார்.

"நீங்கள் மறக்கவில்லை ஐயா, வானம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது" என்றேன். அவர் விடவில்லை. "அப்படின்னா நாங்க என்ன பண்ணணும்? அதைச் சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்றைய பேச்சு.

முதலில், மாறியிருப்பது என்ன என்று பார்ப்போம். நிலக்கரி, பெட்ரோல், டீசல் இவற்றை எரிக்கும்போது கரியமிலவாயு வெளியாகிறது. இது பூமியின் மேல் ஒரு கம்பளி போலப் படிந்து, சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன்னால் காற்றில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமிலவாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டில் உலகத்தின் சராசரி வெப்பம், அந்தப் பழைய காலத்தைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி கூடுதலாக இருந்தது.

ஒன்றரை டிகிரி என்ன பெரிய சூடு என்று தோன்றும். ஆனால் நம் உடம்புக்கு ஒன்றரை டிகிரி ஏறினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம் அல்லவா? காற்று ஒரு டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்தக் கூடுதல் ஈரம் ஒரு நாள் ஒன்று திரண்டு கொட்டும்போது பேய்மழையாகிறது. மற்ற நாட்களில் அதே சூடான காற்று மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடுகிறது. ஆகவே வெள்ளமும் வறட்சியும் எதிரும் புதிரும் அல்ல. ஒரே சூட்டின் இரண்டு முகங்கள்தான்.

"புயலும் வெள்ளமும் அந்தக் காலத்துலயும் உண்டே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1952-லும் 1977-லும் நாகப்பட்டினம் பகுதியைப் புயல் அடித்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஒரு தனி மழையையோ ஒரு தனிப் புயலையோ காட்டி, இது முழுக்க முழுக்கப் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்ந்து பல வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை நம் மாநிலத்தில் 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் சுமார் 17 சென்டிமீட்டர்தான் பெய்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளை போல வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் படுத்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் பருவம் தவறிய மழை. அதே 2023-ல் ஆகஸ்டு மாதம், நாடு முழுவதற்கும் எடுத்த கணக்கில் 1901-க்குப் பிறகு மிகக் குறைந்த மழை பெய்த ஆகஸ்டாக இருந்தது. டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இது அந்த வட்டாரத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம்.

மேட்டூர் அணையையும் பாருங்கள். ஜூன் 12-ல் திறப்பது, ஜனவரி 28-ல் மூடுவது என்பது வழக்கம். 2017-ல் அக்டோபர் 2-ல் திறந்தார்கள். 2019-ல் ஆகஸ்டு 13. 2022-ல் முன்கூட்டியே மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும், தண்ணீர் தீர்ந்து அக்டோபரில் மூட நேர்ந்தது. 2024-ல் ஜூலை 28. மேட்டூருக்குத் தண்ணீர் வருவது மழையை மட்டும் பொறுத்ததல்ல, அது நமக்குத் தெரியும். ஆனால் காரணம் எதுவானாலும் வயலில் நிற்கிறவனுக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். தேதியை நம்பி விதைக்கிற காலம் போய்விட்டது. தண்ணீரைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுக்கிற காலம் வந்துவிட்டது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சம்பாவோ தாளடியோ, ஜனவரி நடுவில் அறுவடைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் போனால், ஆற்றில் தண்ணீர் நிறுத்தும்போது பயிர் பால் பிடிக்கும் கட்டத்தில் தவிக்கும். ஆகவே,

ஆகஸ்டு நடுவில் விதைக்கத் தண்ணீர் இருந்தால், 155 நாள் வயதுள்ள நீண்டகால ரகம் போடலாம். ஆகஸ்டு 15-ல் விதைத்தால் ஜனவரி 17-ல் அறுவடை.

செப்டம்பர் 10 வாக்கில்தான் விதைக்க முடிகிறது என்றால், 130 நாள் வயதுள்ள மத்தியகால ரகம். ஜனவரி 18-ல் அறுவடை.

அக்டோபர் முதல் தேதி ஆகிவிட்டதென்றால், 110 நாளுக்கு மேற்படாத குறுகியகால ரகம். ஜனவரி 19-ல் அறுவடை.

"எங்க வீட்டுல எப்பவும் பெரிய சம்பாதான்" என்று பிடிவாதம் பிடித்து, செப்டம்பர் கடைசியில் 155 நாள் ரகத்தை விதைத்தால் மார்ச்சு மாதம்தான் அறுக்க முடியும். அதுவரை தண்ணீருக்கு எங்கே போவது?

குறுகியகால ரகத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. அக்டோபரில் நேரடியாக விதைத்தால், இளம் பயிர் அடைமழையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே மேடான இடத்தில் நாற்றங்கால் விட்டு, வளர்ந்த நாற்றாக நடுவதே நல்லது. சொந்தமாக மேட்டு நிலம் இல்லாதவர்கள், நாலைந்து பேர் சேர்ந்து போர் வசதி உள்ள ஒருவருடைய நிலத்தில் சமுதாய நாற்றங்கால் விடலாம். ஆற்றுத் தண்ணீர் இரண்டு வாரம் பிந்தினாலும் நாற்று கையில் இருக்கும். ஒருவருடைய நடவு மூழ்கிப்போனாலும், மறுநடவுக்கு அலைய வேண்டியதில்லை.

மொத்த நிலத்திலும் ஒரே ரகத்தை ஒரே நாளில் போடாதீர்கள். 10 மா நிலம் இருந்தால், 6 மாவில் ஒரு ரகமும் 4 மாவில் பத்துப் பதினைந்து நாள் வித்தியாசத்தில் வேறு ரகமும் போடுங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு மழை வந்தாலும் ஒரு பாகம் தப்பும்.

பள்ளக்கால் நிலத்துக்கு வெள்ளம் தாங்கும் ரகம் இருக்கிறது. நம் பகுதிக்கு ஏற்றது சி.ஆர். 1009 சப் 1. ஒரிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த குணத்தை இதில் சேர்த்திருக்கிறார்கள். மற்றப் பயிர் தண்ணீருக்குள் மூழ்கியதும், மேலே வரத் துடித்து இருக்கிற சக்தியையெல்லாம் வளர்வதில் செலவழித்து அழுகிவிடும். இந்தப் பயிர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. தூர் கட்டும் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் வரைதான் தாங்கும். விதைத்த உடனேயும் பூக்கும்போதும் மூழ்கினால் இந்த ரகமும் தாங்காது.

இப்போது வடிகாலுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். சீர்காழியில் பெய்த 44 சென்டிமீட்டருக்குக் கணக்குப் பாருங்கள். ஏக்கருக்குப் பதினேழரை லட்சம் லிட்டருக்கு மேல்! உங்கள் வயலில் பெய்தது மட்டுமா? தலைமடையில் பெய்ததும் உங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வழியிலே வடிகாலில் ஆகாயத்தாமரை. கரையிலே நெய்வேலிக் காட்டாமணக்கு. நடுவிலே யாரோ வரப்பை நகர்த்தி வடிகாலில் பாதியை வயலாக்கியிருப்பார். பிறகு தண்ணீர் எப்படி வடியும்? பாசன வாய்க்காலுக்குச் சண்டை போடுகிற நாம், வடிகால் வாய்க்காலை அனாதையாக விட்டுவிட்டோம். வானத்தை மாற்ற நம்மால் ஆகாது. வடிகாலை மாற்ற ஆகும்.

இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. ஊர் கூடித்தான் செய்ய வேண்டும். மே 1-ல் கிராமசபை கூடுகிறது. அது தூர் வாரும் காலம். எந்த வடிகால், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எங்கே அடைப்பு, எங்கே குழாய் சிறியது என்று எழுதிக் கொண்டுபோய்த் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஆகஸ்டு 15-ல் கூடும்போது, அந்த வேலை நடந்ததா என்று கேளுங்கள். அக்டோபர் 2-ல் கேட்டால் மழை வாசலில் வந்து நிற்கும். வாய்க்கால் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசும்போது, முதலில் நம் வரப்பைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அது கொஞ்சம் கசப்பான விஷயம்தான். ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்!

வெள்ளம் வந்தே விட்டது, என்ன செய்வது? முதல் வேலை, தண்ணீரை வடிப்பது. வடிந்ததும் அன்றைக்கே யூரியாவைத் தூக்கிக் கொண்டு ஓடாதீர்கள். வேர் மூச்சு விடட்டும். நாலைந்து நாளில் புது இலை தெரிந்ததும் மேலுரம் கொடுங்கள். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் 17 கிலோ பொட்டாஷையும் சேர்த்து இடுங்கள். மண் இன்னும் சேறாக இருந்து உரம் இட முடியாவிட்டால், 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் கரைத்துத் தெளிக்கலாம். பயிர் போன இடத்தில், அதே வயலில் தூர் கட்டி நிற்கும் குத்துக்களைப் பிரித்து நட்டு இடத்தை நிரப்புங்கள். ஒரே ரகம், ஒரே வயது. ஒரே சமயத்தில் கதிர் வரும்.

அடுத்தது தண்ணீர்ப் பற்றாக்குறை. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அது அவசியமில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் முன்னோர் சொன்ன முறைதான் இன்றைக்கும் சரி. ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு அடி நீளம், அரை அடி அகலம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். வயலில் தண்ணீர் மறைந்த பிறகும், குழாய்க்குள்ளே தண்ணீர் தெரியும். அது அரை அடி கீழே இறங்கியதும், 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். நடவு செய்து இரண்டு வாரம் கழித்து இதை ஆரம்பிக்கலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். களிமண் நிலத்தில் மயிரிழை வெடிப்புக்கு மேல் விடாதீர்கள். பெரிய வெடிப்பு விட்டால் பாய்ச்சுகிற தண்ணீரெல்லாம் அதில் இறங்கிப் போகும். இந்த முறையில் 30 சதவிகிதம் வரை தண்ணீர் மிச்சமாகும். போர் வைத்திருப்பவர்களுக்கு, நிலத்தடி நீர் அவ்வளவும் மிச்சம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் என்ற வாயு வருகிறது. நான் சொன்னேனே கம்பளி, அதில் இதுவும் ஒரு இழை. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமிலவாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூடு பிடிக்கும். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் கணிசமாகக் குறையும். உலகத்தைச் சூடாக்கியது கடைமடை விவசாயி அல்ல. பெரிய நாடுகளின் புகைக்கு நம் வயலின் ஆவி ஈடாகாது. "அவங்க செஞ்ச வினைக்கு நாம ஏன் மெனக்கெடணும்?" என்று கோபம் வந்தால், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு காரியத்தில், நம் தண்ணீர் மிச்சமாவதும் உலகத்துக்கு நல்லதும் ஒன்றாகவே வருகிறது. ஆகவே நம் லாபத்துக்காகவே செய்வோம்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல் பூ காலையிலே மலரும். அந்த நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல் பதராகும். போர் இருக்கிறது என்று கோடை நெல் போட்டு, அது ஏப்ரல் கடைசியில் பூத்தால் இந்த ஆபத்து உண்டு. அதைவிட, சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், இருக்கும் ஈரத்திலேயே உளுந்தோ பயறோ தெளித்துவிடுவது மேல். தண்ணீர்ச் செலவு குறைவு, மண்ணுக்கும் பலம். தை, மாசியில் மழை வந்தால் உளுந்து ஒரு நாள்கூடத் தண்ணீரில் நிற்காது. வடிகால் இங்கேயும் வேண்டும். வெயிலில் வேலை செய்யும் தாய்மார்கள், வேலையை விடியற்காலையில் தொடங்கி உச்சிப்பொழுதுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் இந்த நேர மாற்றத்துக்குச் சம்மதித்து, குடிக்கத் தண்ணீரும் நிழலும் ஏற்பாடு செய்ய வேண்டும். கூலியைக் குறைத்துவிடாதீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்பு ஏறுவது கவலை. 20 கிலோ தக்கைப்பூண்டு விதையை ஏக்கருக்கு விதைத்து, பூக்கும் சமயத்தில், சுமார் 45 நாளில் மடக்கி உழுங்கள். மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்பும் அதோடு போகும். 2004-ல் சுனாமி வந்து உப்பேறிய நிலங்களும் இப்படிப்பட்ட வேலைகளால்தான் மறுபடி விளைச்சலுக்கு வந்தன.

கடைசியாகக் காப்பீடு. பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம். வெள்ளம் வந்த பிறகு கட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள். கடைசித் தேதி ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கப்படும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றோடு முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். இரண்டு விஷயங்களைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இழப்பீடு பெரும்பாலும் உங்கள் ஒரு வயலைப் பார்த்து வருவதில்லை. கிராமத்தில் நடக்கும் அறுவடைச் சோதனையில் கிடைத்த சராசரி மகசூலைப் பார்த்து வருகிறது. ஆகவே அந்தச் சோதனை நடக்கும் நாளில் பக்கத்தில் போய் நில்லுங்கள். இரண்டு, அறுத்து வயலிலேயே காயப் போட்ட பயிர் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் அறுத்துக் களத்தில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது. அந்த நெல்லுக்குப் படுதாதான் காப்பீடு. கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டு அறுவடைத் தேதியை வைப்பது நல்லது.

குத்தகைக்கு உழுகிறவர்களும் இந்தக் காப்பீட்டில் சேரலாம். அவர்கள்தான் முக்கியமாகச் சேர வேண்டும். ஏனென்றால் வெள்ளம் போன பிறகு நிலம் நிலத்துக்காரரிடம் இருக்கும். கடன் மட்டும் குத்தகைக்காரரிடம் இருக்கும்.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரி தம்பி. ரகத்தை நான் மாத்திடுறேன். நாத்தங்காலையும் மேட்டுக்குக் கொண்டு போறேன். வடிகாலை மட்டும் நான் ஒருத்தன் வெட்ட முடியாதே" என்றார். அவர் உட்கார்ந்திருந்த மதகுக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆகாயத்தாமரை ஊதாப் பூவாய்ப் பூத்துக் கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த வேலை அவர் ஒருவருடையது அல்ல. அது ஊர் வேலை. இந்தக் கிராமசபையில் உங்கள் ஊர் வடிகாலின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். ஐப்பசி வருவதற்குள் தண்ணீருக்கு வழி விடுங்கள்.